கணினி நிலையமா, மனு எழுதும் திண்ணையா?

எழுதத் தெரிந்தவர் ஒரு புறம், எழுதித் தரும்படி கேட்டுக் காத்து நிற்பவர் மறு புறம் என்று ஜனங்கள் இரு கூறாகப் பிரிந்து கிடந்த காலத்தை நமது தேசம் நன்கு அறியும். தாலுகா கச்சேரி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மனு எழுதுவோர், குடியானவரின் குறையைக் கேட்டுக் காகிதத்தில் எழுதுவார். என்ன எழுதினார் என்பது குடியானவருக்குத் தெரியாது. கீழே கைநாட்டு வைப்பது ஒன்றே அவருடைய பங்கு. அந்த நிலையை ஒழிப்பதற்காகவே முதியோர் கல்வி என்றும், கிராம நூலகம் என்றும், அறிவொளி என்றும் எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். அப்பாடு வீண் போகவில்லை. ஆயினும், எழுத்து காகிதத்தை விட்டுக் கணினித் திரைக்குக் குடிபெயர்ந்ததும், ஒழிந்ததென்று நாம் எண்ணியிருந்த அந்தப் பழைய திண்ணை புதுப் பெயரோடு திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

திண்டுக்கல் நகரின் கடைத்தெருக்களிலும், ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் முதலிய தாலுகா ஊர்களிலும் கணினி வைத்த கடைகளுக்குக் குறைவில்லை. ஜெராக்ஸ் எடுக்கும் இடமே ரேஷன் அட்டைத் திருத்தம், பட்டா நகல், கல்லூரி விண்ணப்பம் ஆகிய பலவற்றுக்கும் வாசலாக இருக்கிறது. சர்க்கார் அனுமதி பெற்ற இ-சேவை மையங்களும், பொதுச் சேவை மையங்களும் இருக்கின்றன. இவற்றால் ஜனங்களுக்கு நன்மை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு சான்றுக்காக நாலு நாள் கூலியை இழந்து கச்சேரிக்கு அலைந்த கஷ்டம் இவற்றால் பெரிதும் குறைந்தது. அதை மனமார ஒப்புக்கொள்கிறோம். நாம் கேட்பது வேறொரு கேள்வி. பத்து வருஷமாக அந்த வாசலுக்குப் போய் வரும் விவசாயியோ, நெசவாளியோ, மில் தொழிலாளியோ, பதினோராவது வருஷத்தில் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளும் வல்லமை பெற்றிருக்கிறாரா? பெறவில்லையென்றால் நாம் திறந்து வைத்திருப்பது பள்ளிக்கூடமன்று, திண்ணைதான்.

இது அற்ப விஷயம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். சர்க்கார் தன் கதவுகளை ஒவ்வொன்றாக இணையத்துக்குள் மாற்றிக்கொண்டு வருகிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் ஓய்வூதியம், மாணவர் உதவித் தொகை, பயிர்க் காப்பீடு எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் திரை வழியே போகிறது. கிராம வேலைத் திட்டத்தில் மண் வெட்டும் தொழிலாளியின் வருகைப் பதிவைக்கூடக் கைபேசிச் செயலியில் படத்துடன் ஏற்ற வேண்டுமென்று 2023-ஆம் வருஷ ஆரம்பத்திலிருந்து கட்டாயமாக்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், மனு தள்ளுபடியான பெண்கள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யும்படி சொல்லப்பட்டார்கள். கதவு இணையத்தில் இருக்கும்போது, அதைத் திறக்கத் தெரியாதவர் சொந்த நாட்டிலேயே வெளியூரார் ஆகிவிடுகிறார்.

ஒரு சிறு உதாரணம் சொல்லுகிறோம். தமிழ்நாட்டில் ஒருவர் தம் நிலத்தின் பட்டா, சிட்டா விவரத்தைச் சர்க்காரின் இணைய தளத்தில் தாமே பார்க்கலாம், அச்செடுத்தும் கொள்ளலாம். அதற்குச் சர்க்கார் கட்டணம் கேட்பதில்லை. பத்திரப் பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தையும் இவ்விதமே இலவசமாகப் பார்வையிடலாம். ஆயினும் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, பணம் கொடுத்துத்தான் பெரும்பாலோர் அவற்றைப் பெறுகிறார்கள். கடைக்காரர் தம் உழைப்புக்குக் கூலி வாங்குவதில் குற்றமில்லை. தேசத்தின் பொதுச் சொத்தாகத் திறந்து வைத்திருக்கும் ஒரு தகவலுக்கு, அறியாமையின் பேரால் ஏழை ஜனங்கள் வரி செலுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதே நமது வருத்தம்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தம் ஆதார் எண்ணையும், வங்கிக் கணக்கு எண்ணையும், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண்ணையும் முன்பின் அறியாதவரிடம் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் நம் ஜனங்களிடம் வேரூன்றிவிட்டது. சொல்லாவிட்டால் காரியம் நடக்காது என்னும்போது அவர்கள் வேறென்ன செய்வார்கள்? நாணயமான கடைக்காரர்களே மிகுதி என்பது உண்மை. ஆனால் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்த தலைமுறையின் கதி என்னவாயிற்று என்பதை நாம் மறந்துவிடலாமா? இணைய மோசடிக்கு ஆளானவர்கள் உடனே கூப்பிடுவதற்காக 1930 என்னும் எண்ணை இந்திய சர்க்கார் வைத்திருக்கிறது. அந்த எண் இருப்பதையே அறியாதவர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இருப்பவர்களுக்குச் சாவியின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்கு எஜமானர்.

“வழி என்ன?” என்று வாசகர்கள் கேட்கலாம். வழி புதிதன்று. தமிழ் ஜனங்களிடையே, அதிலும் இந்தத் திண்டுக்கல் சீமையிலேயே, அது முன்னரே காட்டப்பட்டிருக்கிறது. அதைத் தொடர்ந்து நடக்கவில்லை என்பதே குறை.

1998-ஆம் வருஷத்தில் புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிராம அறிவு மையங்கள் என்னும் நிலையங்களைத் தொடங்கினார்கள். வில்லியனூரைத் தலைமை இடமாகக் கொண்டு, சுற்றியுள்ள ஊர்களைக் கம்பியில்லா வானொலி முறையில் இணைத்தார்கள். மின்சாரம் நின்றுவிட்டால் கைகொடுக்கச் சூரிய ஒளித் தகடுகள் வைத்தார்கள். இயந்திரத்தை இறக்குவதற்கு முன்னால், ஜனங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். கணினியும் கருவியும் நிறுவனம் தரும். இடமும் தொண்டர்களும் ஊரார் தர வேண்டும் என்பது ஏற்பாடு. சாதி வேறுபாடின்றி எல்லோரும் வந்து போகக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தொண்டர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

அங்கே நடந்த காரியங்கள் ஆடம்பரமானவை அல்ல. தானிய விலை என்ன, உரம் எங்கே கிடைக்கும், டாக்டர் எந்த நாளில் வருவார், ஏழைகளுக்கு உரிய சர்க்கார் உதவிகள் யாவை என்பவற்றைத் தமிழில் எழுதி வைத்தார்கள். ‘நம்ம ஊர் செய்தி’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். வீராம்பட்டினம் மீனவர் குப்பத்தில், கடல் அலையின் உயரம் பற்றி அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட முன்னறிவிப்பை எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரு வல்லரசு தன் போர்க் கப்பல்களுக்காகத் திரட்டிய விவரம், கட்டுமரம் தள்ளும் மீனவரின் உயிருக்குக் காவலாயிற்று.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது நிகழ்ந்ததை நாம் எந்நாளும் மறத்தலாகாது. நல்லவாடு என்னும் மீனவ கிராமத்திலும் இத்தகைய அறிவு மையம் இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், செய்தியைக் கேட்டதும் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை தந்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அபாயத்தை அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் நாசமாயின. ஆனால் 3,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள் பிழைத்தார்கள். கருவி மட்டுமே அவர்களைக் காப்பாற்றிவிடவில்லை. ஊர்ப் பொதுவில் ஒரு நிலையம் இருந்தது. அது தங்களுடையது என்ற எண்ணமும், அதைக் கையாளும் துணிவும் ஊராருக்கு இருந்தன. அதுவே காத்தது.

இனி நமது ஜில்லாவுக்கு வருவோம். அதே 2004-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து அமைத்த கிராம வள மையங்களைப் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். செயற்கைக்கோள் மூலம் சென்னையோடு இணைந்த அந்த முதல் தொகுதியில் இடம் பெற்றவை மூன்றே ஊர்கள். ஒன்று தஞ்சை ஜில்லாவின் திருவையாறு. மற்றொன்று ராமநாதபுரம் ஜில்லாவின் தங்கச்சிமடம். மூன்றாவது, திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் உள்ள நமது செம்பட்டி. வயலிலிருந்து வந்த விவசாயி திரையின் முன் உட்கார்ந்து, தொலைவிலுள்ள நிபுணரைப் பார்த்துத் தம் பயிரின் நோயைச் சொல்லி மருந்து கேட்கலாம் என்னும் ஏற்பாடு அது. கன்னிவாடியிலும் அந்நிறுவனம் விவசாயிகளோடு சேர்ந்து இவ்வகைப் பணி செய்தது. தேசம் முழுவதற்கும் முன்மாதிரியாக ஏற்றிய விளக்குகளில் ஒன்று இந்தச் சமவெளியில் ஏற்றப்பட்டது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

அந்நாளில் இன்னொரு சங்கற்பமும் செய்துகொண்டார்கள். சுதந்திரம் பெற்று அறுபதாண்டு நிறையும் 2007-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-க்குள், இந்தியாவின் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் அறிவு மையம் எட்ட வேண்டும் என்பது அது. ‘மிஷன் 2007’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த ஆகஸ்டு 15 வந்து போய்விட்டது. அதன் பின் எத்தனையோ ஆகஸ்டு 15-களும் வந்து போய்விட்டன. இதைக் கனவு கண்ட சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28-ஆம் தேதி காலமானார். கற்றுக்கொடுக்கும் நிலையம் ஊருக்கு ஒன்று என்னும் சங்கற்பம் இன்னமும் கடனாகவே நிற்கிறது.

ஏன் இவ்வாறாயிற்று? இதற்கு விடை காண, நத்தத்துக்கு அடுத்துள்ள மேலூர் தாலுகாவைப் பார்த்தால் போதும். 2001-ஆம் வருஷத்தை ஒட்டி அங்கே ஒரு பெரிய பரீட்சை நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் உருவாக்கிய கம்பியில்லாத் தொடர்பைக் கொண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு சர்வகலாசாலைகளின் துணையோடு, கிராமங்களில் இணையக் கூடங்கள் திறக்கப்பட்டன. கணினிப் பாடம், கண் வைத்தியருக்குப் படம் அனுப்பி யோசனை கேட்பது, தாலுகா அலுவலகத்துக்கு மனு அனுப்புவது எல்லாம் அங்கே நடந்தன. மேலூர் தாலுகாவின் பேர் உலகத்து ஆராய்ச்சி ஏடுகளில் ஏறிற்று. ஆனால் சில வருஷங்களுக்குள் அக்கூடங்களில் பல மூடிக் கிடந்தன.

காரணம் இரண்டு. கூடத்தை நடத்தியவர் கடன் வாங்கிக் கடை வைத்தவர். அதில் வரும் வருமானத்தைக் கொண்டே அவர் பிழைக்க வேண்டும். ஏழை ஜனங்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் லாபம் எங்கிருந்து வரும்? இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. இணையம் வழியே வந்த மனுக்களைப் பெற்றுக்கொண்டு பதில் அனுப்பியது, ஆர்வம் கொண்ட அதிகாரிகளின் நல்லெண்ணத்தால். அவர்கள் மாற்றலாகிப் போனதும் அந்த ஏற்பாடும் அவர்களோடு போய்விட்டது. சட்டத்தில் வேரூன்றாத நன்மை, அதிகாரியின் மாற்றல் உத்தரவு வரும் வரைதான் உயிரோடிருக்கும். இந்த இரண்டு பாடங்களும் நமது கண் முன்னே கற்பிக்கப்பட்டவை. அவற்றைக் கற்றோமா?

கற்கவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. 2006-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்கள் அமைக்கத் தீர்மானித்தது. பின்னர், ஊராட்சிக்கு ஒன்றேனும் வேண்டுமென்று 2015-இல் திட்டத்தை விரித்தது. இம்மையங்களை நடத்துவோருக்கு வருமானம் செய்த காரியங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வருகிறது. ஒரு மூதாட்டிக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் அவருக்குக் காசில்லை. அந்த அரை மணியில் நாலு விண்ணப்பங்களைத் தாமே தட்டி அனுப்பினால் காசுண்டு. அவர் எதைச் செய்வார்? குற்றம் மனிதரிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

கற்பிக்கவும் ஒரு திட்டம் இருந்தது. 2017-ஆம் வருஷத்தில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம், ஆறு கோடிக் கிராமக் குடும்பங்களில் குடும்பத்துக்கு ஒருவருக்குப் பயிற்சி தருவதை இலக்காகக் கொண்டது. 2024 மார்ச் மாதத்தோடு முடிந்தது. எண்ணிக்கையில் அது பெரிய காரியமே. எனினும் ஒருவருக்குக் கிடைத்த பாடம் 20 மணி நேரம். பாடம் முடிந்தபின் பழகுவதற்கு ஊரில் ஒரு கணினி இல்லையென்றால் அந்த 20 மணி நேரம் எத்தனை நாள் நினைவில் நிற்கும்? குளத்தங்கரையில் நீச்சல் கற்பித்துவிட்டுக் குளத்துக்குப் பூட்டுப் போட்டதைப் போன்றதல்லவா இது?

“இக்காலத்தில் எல்லோரிடமும் செல்போன் இருக்கிறதே, நிலையம் எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். படித்தவர்களே இதை அடிக்கடி சொல்வதால், சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, எல்லோரிடமும் இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு முறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33 பேர். ஆண்கள் 57 பேர். வீட்டில் ஒரு கைபேசி இருந்தால் அது தகப்பனார் சட்டைப் பையில் இருக்கிறது. 2020-ஆம் வருஷம் கொரோனா நோயால் பள்ளிகள் மூடியபோது, ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடுகளும், அதுவும் இல்லாமல் படிப்பையே விட்ட பிள்ளைகளும் நமது கிராமங்களில் இருந்ததை யார் மறுக்க முடியும்?

இரண்டாவது, படம் பார்ப்பது வேறு. காரியம் செய்வது வேறு. உள்ளங்கை அகலத் திரையில் சினிமாப் பாட்டுக் கேட்கலாம். இருபது பக்க விண்ணப்பத்தைப் பிழையின்றி நிரப்பி, சான்றுகளை இணைத்து, வரவு எண்ணைப் பத்திரப்படுத்துவது அதில் எளிதன்று. கணக்கு எழுதவும், தமிழில் கடிதம் தயாரிக்கவும், நில வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும் கணினி வேண்டும். பக்கத்தில் சொல்லித்தர ஒரு மனிதரும் வேண்டும். மூன்றாவது, இணையம் தனித்தனியே கையில் இருந்தால் மோசக்காரரும் தனித்தனியே வருகிறார். நாலு பேர் கூடும் பொது இடத்தில் ஒருவர் பட்ட ஏமாற்றம் மற்ற மூவருக்குப் பாடமாகும்.

இந்த விஷயத்தில் அயல் மாகாணங்கள் நம்மை முந்திச் செல்கின்றன. கேரளத்தில் 2002-ஆம் வருஷமே மலப்புறம் ஜில்லாவில் ‘அட்சயா’ திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்கு ஒருவருக்குக் கணினி அறிவு தர முனைந்தார்கள். அதன் தொடர்ச்சியாக வீடு வீடாகக் கணக்கெடுத்து, கணினி அறியாதவர்களைக் கண்டுபிடித்து, 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொண்டர்களைக் கொண்டு கற்பித்து, 2025 ஆகஸ்டு 21-ஆம் தேதி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்துக்கொண்டார்கள். நூறு வயது கடந்த முதியோரும் அங்கே கற்றனர். கர்நாடகத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சி நூலகங்களைப் புதுப்பித்து, ‘அறிவு கேந்திரம்’ என்று பெயரிட்டு, பலவற்றில் கணினியும் இணையமும் வைத்தார்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறியை வாங்கிச் சமைக்கும் மலையாள நாட்டாரால் முடிந்தது, அதை விளைவித்து அனுப்பும் நம்மால் முடியாதா?

முடியும். அதற்கான அஸ்திவாரத்தை நமது முன்னோர் போட்டிருக்கிறார்கள். 1931-ஆம் வருஷம் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார்கள். ஊர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் ஊருக்குப் போகட்டும் என்பது அவர்கள் எண்ணம். எஸ். ஆர். ரங்கநாதன் இடைவிடாது பாடுபட்டதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1948-ஆம் வருஷம் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டம் அதுவே முதலாவது. சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் சிறு தொகை நூலகத்துக்கென்றே ஒதுக்கப்படுகிறது. புத்தகம் படிப்பதில் லாபம் வருமா என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. நூலகரின் சம்பளம், எத்தனை புத்தகம் விற்றார் என்பதைப் பொறுத்திருக்கவில்லை. மேலூரில் இல்லாமற்போன இரண்டும், அதாவது நிரந்தரமான நிதியும் சட்டத்தின் பாதுகாப்பும், நூலகத்துக்கு அன்றே கிடைத்துவிட்டன.

2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ்க் கிராம ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் பல திறப்பார் இன்றிக் கிடந்ததையும் ஜனங்கள் அறிவார்கள். மறுபுறம், பாரத் நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை மூலம் இணையம் கொண்டு சேர்ப்பதற்கென்றே 2018-இல் ஒரு சர்க்கார் நிறுவனம் ஏற்பட்டது. திண்டுக்கல் ஜில்லாவில் மட்டும் 14 ஒன்றியங்களில் 306 ஊராட்சிகளை எண்ணி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கட்டடம்; ஒரு பக்கம் கம்பி. இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு மனிதரை உட்கார வைத்தால் நாம் சொல்லும் நிலையம் உருவாகிவிடும். கண்ணாடி இழை ஊராட்சி அலுவலகச் சுவரோடு நின்றுவிட்டால், கிணற்றில் தண்ணீர் இருந்தும் கயிறும் வாளியும் இல்லாத கதைதான்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் நூலகத்தைக் கணினி நிலையமாக்க வேண்டும். அங்கே கட்டணமின்றி எவரும் வந்து பழகலாம் என்றிருக்க வேண்டும். அதற்கு மாதச் சம்பளம் பெறும் ஒருவர், கூடியவரை அந்த ஊரைச் சேர்ந்த படித்த பெண், பொறுப்பாளராக இருக்க வேண்டும். ‘நான் செய்து தருகிறேன்’ என்பதல்ல, ‘நீங்கள் செய்யுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்’ என்பதே அவருடைய வேலை. கூலி வேலையிலிருந்தும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளிலிருந்தும் திரும்புவோர் வரக்கூடிய மாலை நேரத்தில் நிலையம் திறந்திருக்க வேண்டும். பெண்களுக்கென்று தனி நேரம் வேண்டும். சாதி பார்த்து ஒதுங்கும் தெருவில் அதை அமைத்தலாகாது. பாடமும் திரையும் தமிழில் இருக்க வேண்டும். கணினித் தமிழுக்கு ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை 1999-ஆம் வருஷமே ஏற்பட்டுவிட்டதால், தமிழில் முடியாது என்னும் சாக்கு செல்லாது. இத்தனைக்கும் மேலாக, இவையெல்லாம் அதிகாரிகளின் தயவாக அன்றி, நூலகச் சட்டத்தைத் திருத்திச் சட்டமாகவே வர வேண்டும்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். ஜனங்கள் கடைகளில் சிறுகச் சிறுகக் கொடுக்கும் தொகையையும், பஸ் சத்தத்தையும், இழக்கும் கூலியையும், மோசக்காரர் சுருட்டும் பணத்தையும் ஒரு வருஷம் கூட்டிப் பார்க்கட்டும். செலவு ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. சர்க்கார் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவே.

இது பிச்சை கேட்கும் விஷயமும் அன்று. 2019 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அமில வீச்சால் முகம் சிதைந்தவர்களும், பார்வை இழந்தவர்களும், திரையின் முன் கண் சிமிட்டிக் காட்ட முடியாததால் வங்கிச் சேவைகூடக் கிடைக்கவில்லை என்று முறையிட்ட வழக்கு அது. டிஜிட்டல் வசதியைப் பெறுவது, அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்து காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிபதிகள் கூறினார்கள். உரிமை என்று சொல்லிவிட்ட பிறகு அதற்கான வாசலைக் கட்டித் தருவது சர்க்காரின் கடமையாகிறது.

ஆனால் சர்க்காரை மட்டும் எதிர்பார்த்துக் கை கட்டி நிற்பது தேச ஊழியர்களுக்கு அழகன்று. 1941-இல் காந்தியடிகள் வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில் முதியோர் கல்வியும் ஒன்று. அந்தத் திட்டத்தை வாழ்ந்து காட்டுவதற்காகவே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ஆம் வருஷம் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். கையால் செய்து கற்பதே கல்வி என்னும் அந்த ஆதாரக் கொள்கை, கணினிக்குப் பொருந்துவதுபோல் வேறெதற்குப் பொருந்தும்? காந்திகிராம மாணவர்களும், திண்டுக்கல் நகரின் கல்லூரிப் பிள்ளைகளும் வாரத்தில் ஒரு மாலையைப் பக்கத்து ஊராட்சி ஒன்றுக்குக் கொடுத்தால் 306 ஊராட்சிகள் ஒரு பெரிய எண்ணிக்கையா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுத் தந்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள், ஊர் சிரித்ததைப் பொருட்படுத்தாமல், சைக்கிள் ஏறினார்கள். பின்னால் உட்கார்ந்து போவதற்கும் தாமே மிதித்துப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் உணர்ந்தார்கள். கணினி விஷயத்திலும் நம் ஜனங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தது போதும்.

கட்சி எதுவாயினும் ஊழியர்கள் செய்யக்கூடிய உடனடிக் காரியம் ஒன்று உண்டு. தமிழகத்தில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டுமென்பது ஏற்பாடு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாட்கள். அடுத்த சபையில் எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். நமது ஊராட்சிக்குக் கண்ணாடி இழை வந்திருக்கிறதா? வந்திருந்தால் யார் அதை உபயோகிக்கிறார்கள்? நமது நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது? விடைகளை நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். நூலகத்தைக் கணினி நிலையமாக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். ஓர் ஊரின் தீர்மானம் ஒரு காகிதம். 306 ஊர்களின் தீர்மானம் ஒரு ஜில்லாவின் குரல். அக்குரல் எழுந்தால் ஜில்லா கலெக்டரும், மந்திரிகளும், சட்டசபை அங்கத்தினர்களும் அதைக் கேளாதிருக்க முடியாது.

செம்பட்டியில் ஒரு நாள் காட்டிய வழி, ஒவ்வோர் ஊராட்சியிலும் தினந்தோறும் திறந்திருக்கும் கதவாக வேண்டும். தம் நிலத்தின் விவரத்தைத் தாமே தேடிப் படிக்கும் விவசாயியும், தம் பணத்தின் கணக்கைத் தாமே பார்க்கும் கூலிக்காரப் பெண்ணும், தம் மனுவைத் தாமே எழுதி அனுப்பும் முதியவரும் ஊர்தோறும் பெருக வேண்டும். அத்தகைய ஜனங்களை எந்தத் தரகரும் ஏய்க்க முடியாது. எந்த அதிகாரியும் அலைக்கழிக்க முடியாது. அவர்களை உருவாக்கும் நிலையங்களுக்குச் செலவிடும் பணமே தேசத்துக்கு நல்ல முதலீடு. சர்க்கார் இவ்விஷயத்தில் இனியும் தாமதிக்கலாகாது.